பெரம்பலூர் வெயிலில் எந்த போன் நல்ல போன்?

ஐபோனை எந்தச் சூழலில் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சாம்சங்கும் தன் கேலக்ஸி போன்களுக்கு இதே அளவைத்தான் சொல்கிறது. அதற்கு மேல் சூடேறினால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், பேட்டரியின் ஆயுள் குறையும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் சித்திரை வெயில் 38, 40 டிகிரி என்று போவது புதிதல்ல. ஆக, வருஷத்தில் பல வாரங்கள் இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்களும் போனைத் தயாரித்தவர் வகுத்த எல்லைக்கு வெளியே நின்றுதான் பேசுகிறார்கள், பணம் அனுப்புகிறார்கள், படம் எடுக்கிறார்கள்.

வெயிலோடு தூசியும் சேர்ந்துகொள்கிறது. ரெட்டிபாளையம், தளவாய், கீழப்பழுவூர், கோவிந்தபுரம் என்று அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகள். அவற்றுக்குக் கல் கொடுக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். கல்லும் சிமென்டும் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலைகள். பெரம்பலூர் பக்கம் வந்தால் மக்காச்சோளம் அடிக்கும் களம், செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் காயும் பட்டறை. இங்கெல்லாம் போன் இருக்கும் இடம் சட்டைப்பை, இடுப்புச் செருகல், டிராக்டர் இருக்கை.

இப்படிப்பட்ட ஊரில் "எந்த போன் நல்லது?" என்ற கேள்விக்கு, குளிரூட்டிய அறையில் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் யூடியூப் விமர்சகர் தரும் பதில் பாதிதான் பொருந்தும். மீதிப் பதில், பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்துகளில் இருக்கும் சர்வீஸ் கடை மேசைகளில் கிடக்கிறது.

மேசையில் ரப்பர் விரிப்பு. அதன்மேல் ஹீட் கன், ட்வீசர், தேய்ந்த டூத்பிரஷ். "சார்ஜ் ஏறல" என்று வரும் போனை வாங்கியதும் கடைக்காரர் செய்யும் முதல் வேலை, சார்ஜிங் துளைக்குள் மெல்லிய ஊசியை விட்டுச் சுரண்டுவது. வியர்வை பட்டு இறுகிய சாம்பல் நிறத் தூள் உதிர்கிறது. பிரஷ்ஷால் துடைத்துவிட்டு கேபிளைச் சொருகுகிறார். ஏறினால் வந்தவருக்குச் செலவு குறைவு. ஏறாவிட்டால் சார்ஜிங் போர்டு மாற்ற வேண்டும். அடுத்து வருவது பேட்டரி உப்பிப் பின்மூடி பிளந்த போன். அதற்கடுத்தது டிஸ்ப்ளே உடைந்தது. "ஒரிஜினல் போடவா, காப்பி போடவா அண்ணே?" என்று கேட்கிறார். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கேட்டதும் வந்தவர் சற்று யோசிக்கிறார்.

துளை அடைப்பு, பேட்டரி, டிஸ்ப்ளே, "ஸ்டோரேஜ் ஃபுல்", "ஆப் ஓடல." இந்த மேசைக்கு வரும் கோளாறுகள் பெரும்பாலும் இவைதான். ஆண்டுதோறும் மேடையேறி அறிவிக்கப்படும் புதுமைகளில் எத்தனை இந்தக் கோளாறுகளைக் குறைக்கின்றன என்று பார்த்தாலே, ஒரு போனின் தரத்தைப் பெருமளவு எடைபோட்டுவிடலாம். பயன்படுத்துகிறவருக்குப் புதுமை என்பது தொந்தரவில்லாமல் உழைக்கும் ஆண்டுகள். பங்கு வைத்திருப்பவருக்கோ அடுத்த விற்பனைதான் புதுமை. இரண்டு கணக்கும் ஒத்துப்போன காலமும் உண்டு, முட்டிக்கொண்ட காலமும் உண்டு. முட்டிக்கொள்ளும்போது சாமானியர் பக்கம் நிற்க விதி வேண்டும். அந்த விதி இந்தியாவில் இன்னும் முழுமையாக வரவில்லை என்பதே இங்கே முன்வைக்கப்படும் குறை.

டார்ச் வைத்த போன்

2003இல் நோக்கியா 1100 வந்தது. கேமரா கிடையாது, வண்ணத்திரை கிடையாது. தூசி புகாத ரப்பர் விசைப்பலகை, வியர்வைக் கையிலிருந்து நழுவாத பக்கங்கள், உச்சியில் ஒரு டார்ச். மின்வெட்டும் புழுதியும் உள்ள நாடுகளில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துச் செய்யப்பட்ட போன் அது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. இன்றுவரை அதிகம் விற்ற கைப்பேசிகளின் வரிசையில் அதற்கு முன்னணி இடம். பயன்பாட்டை மையமாக வைத்த புதுமை முதலீட்டாளருக்கும் லாபம் தரும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அந்த நோக்கியாதான் 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. தமிழகத்தின் உள்மாவட்டங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகள் பஸ் ஏறிப்போய் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆனால் 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டே ஆண்ட்ராய்டு போன் வந்தது. தொடுதிரையும் செயலிக் கடையும் சேர்ந்து கைப்பேசியைச் சட்டைப்பைக் கணினியாக்கின. நோக்கியா தாமதமாக விழித்தது. 2011இல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனை நம்பி இறங்கியது. 2013இல் கைப்பேசிப் பிரிவையே 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்டிடம் விற்க ஒப்புக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை வருமான வரி வழக்கில் சிக்கியதால் அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1இல் அங்கே உற்பத்தி நின்றது. ஒரு நிறுவனம் புதுமையில் பின்தங்கியதன் விலையை ஹெல்சின்கி பங்குச்சந்தையில் முதலீட்டாளர்கள் கொடுத்தார்கள். வரி வழக்கும் சேர்ந்துகொள்ள, கடைசி ரசீது தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்தது.

அதே காலத்தில் குருகிராமிலிருந்து மைக்ரோமேக்ஸ் எழுந்தது. 2008இல் அது விற்ற எக்ஸ்1ஐ போன், சார்ஜ் போட்டால் 30 நாள் தாங்கும் என்பதையே விளம்பரமாக்கியது. கரண்டு எப்போது வரும் என்று தெரியாத கிராமங்களில் அது எடுபட்டது. இரண்டு சிம் போடும் போனுக்கு இந்தியா ஏங்கியபோது நோக்கியா 2011 வரை யோசித்துக்கொண்டிருந்தது. மைக்ரோமேக்ஸ் போன்றவை முந்திக்கொண்டன. 2014ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் மைக்ரோமேக்ஸ் இந்திய ஸ்மார்ட்போன் விற்பனையில் சாம்சங்கையே தாண்டிவிட்டது என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் சொன்னது. ஆனால் போனின் வடிவமைப்பும் உதிரிபாகமும் பெரும்பாலும் சீனத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. அந்தச் சீனத்திலிருந்தே ஷாவ்மி 2014 ஜூலையில் நேரடியாக வந்து, அதே விலையில் இன்னும் நல்ல போனை ஆன்லைனில் விற்றது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் நாடே 4ஜிக்கு மாறியது. 3ஜி போன்களைக் கையிருப்பில் வைத்திருந்த உள்நாட்டு பிராண்டுகள் சில ஆண்டுகளிலேயே கடைப் பலகைகளிலிருந்து மறைந்தன. தேவையைக் கண்டுபிடித்தவர்களிடம் அதை நிறைவேற்றும் பொறியியல் சொந்தமாக இல்லை. மக்களின் தேவையை முதலில் உணர்ந்ததால் கிடைத்த முன்னிலை அப்படித்தான் கைநழுவியது.

பேட்டரி விலையும் பங்கு விலையும்

பயனாளரின் நன்மையும் முதலீட்டாளரின் நன்மையும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதைப் பட்டவர்த்தனமாகக் காட்டிய சம்பவம் 2017 டிசம்பரில் தொடங்கியது. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் சொன்னது. போன் மெதுவாகிவிட்டதே என்று புதிதாக வாங்கியவர்களுக்கு, பேட்டரியை மாற்றியிருந்தால் போதும் என்பது அப்போதுதான் தெரிந்தது. எதிர்ப்பு வலுத்ததும், பேட்டரி மாற்றும் கட்டணத்தை ஆப்பிள் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 முழுவதும் புதுப் போன்களுக்குப் போயிருக்கக்கூடிய பணத்தில் ஒரு பகுதி பழைய போனுக்குப் புது பேட்டரியாகப் போனது.

அதன்பிறகு 2019 ஜனவரி 2 அன்று, ஆப்பிள் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் காலாண்டில் 8,900 முதல் 9,300 கோடி டாலர் வரை வரும் என்று சொன்ன வருமானம் 8,400 கோடியாகத்தான் இருக்கும் என்றது கடிதம். சீனாவின் மந்தநிலைதான் முதல் காரணம். ஆனால் வேறு காரணங்களின் வரிசையில், மலிவாகக் கிடைத்த பேட்டரி மாற்றத்தை வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டதையும் அவர் குறிப்பிட்டிருந்தார். மறுநாள் பங்கு விலை கிட்டத்தட்ட 10 சதவீதம் சரிந்தது.

வாடிக்கையாளர் தன் போனைப் பழுதுபார்த்து இன்னும் சில காலம் வைத்துக்கொண்டதை, உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று தன் பங்குதாரர்களிடம் வருமான இழப்புக் கணக்கில் எழுத வேண்டியிருந்தது. பழுதுபார்ப்பை எளிதாக்க நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. பேட்டரியை ஒட்டுப்பசையால் ஒட்டுவதும், உதிரிபாகத்தை அந்தந்தப் போனோடு மென்பொருளால் கட்டிப்போடுவதும் அதன் தொடர்ச்சிதான். 2021இல் வந்த ஐபோன் 13இல் வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றினால் ஃபேஸ் ஐடி வேலைசெய்யாமல் போனது. உலகெங்கும் பழுதுபார்ப்போர் குரல் எழுப்பிய பிறகே ஆப்பிள் அதைத் திருத்துவதாக அறிவித்தது. பெரம்பலூர் சந்தில் ட்வீசரோடு உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் பிழைப்பு கலிஃபோர்னியாவில் எடுக்கும் ஒரு முடிவில் ஆடிப்போகிறது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. போன் நீண்ட நாள் உழைத்தாலும் சம்பாதிக்க வழி உண்டு என்று ஆப்பிள் கண்டுகொண்டது. செயலிக் கடைக் கமிஷன், ஐக்ளவுட் சந்தா, விளம்பரம் எல்லாம் சேர்ந்த சேவைப் பிரிவு 2024 நிதியாண்டில் 9,600 கோடி டாலர் ஈட்டியது. ஐபோனின் சஃபாரி உலாவியில் கூகுள் தேடலை முதன்மையாக வைத்திருப்பதற்காக மட்டும் 2022இல் கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்ததாக அமெரிக்க ஏகபோக வழக்கில் வெளியானது. பழைய போன் கையிலிருக்கும் மனிதரும் வருமானம் தருகிறார் என்பது புரிந்த நிறுவனங்களுக்கு, போனை நீண்ட நாள் உயிரோடு வைத்திருக்க ஒரு காரணம் கிடைத்தது. 2023 அக்டோபரில் கூகுள் பிக்சல் 8க்கும், 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டு மென்பொருள் அப்டேட் தருவதாக அறிவித்தன. மடக்கும் திரையைவிடவும் 200 மெகாபிக்சல் கேமராவைவிடவும் சாதாரண மனிதருக்குப் பெரிய புதுமை இந்த அறிவிப்புதான்.

விலையை ஆண்டால் வகுத்துப் பார்ப்போம்

ஒப்பிடுவது எப்படி என்று கேட்டால், எளிய வழி ஒன்று இருக்கிறது. போனின் விலையை, அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் ஆண்டுகளால் வகுத்துவிடுவது. ஐபோன் 16 இந்தியாவில் ரூ.79,900க்கு அறிமுகமானது, கேலக்ஸி எஸ்24 ரூ.79,999க்கு. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024இல்கூட புதிய ஐஓஎஸ் கிடைத்தது. எனவே இரண்டுக்கும் ஏழு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ரூ.11,400 ஆகிறது. அப்டேட் கணக்கில் இரண்டும் சமம். ஆண்ட்ராய்டா, ஐபோனா என்று டீக்கடையில் நடக்கும் வாக்குவாதத்துக்கு இந்த இடத்தில் வேலையில்லை.

கீழே இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. 2024 அக்டோபரில் ரூ.18,999க்கு வந்த கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு ஆறு ஆண்டு அப்டேட் உறுதி சொல்லப்பட்டது. ஆண்டுக்கு ரூ.3,167. கடையில் அதற்குப் பக்கத்திலேயே ரூ.15,000க்கு, அதைவிட வேகமான சிப்போடும் கண்ணைப் பறிக்கும் கேமராவோடும் இன்னொரு போன் இருக்கலாம். அதற்கு மூன்று ஆண்டுதான் அப்டேட் என்றால் ஆண்டுக்கு ரூ.5,000. நான்காயிரம் ரூபாய் மலிவு என்று வாங்கிய போன் உண்மையில் விலை கூடியது. இடையில் ஒருமுறை பேட்டரி மாற்றும் செலவைச் சேர்த்தாலும் கணக்கு தலைகீழாகாது.

அப்டேட் நின்றால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 4.4 இயங்கும் போன்களில் வாட்ஸ்அப் நின்றுபோனது. பணப்பரிமாற்றச் செயலிகளும் வங்கிச் செயலிகளும் இப்படியே பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. கைப்பேசி எண்ணே வங்கிக் கணக்கின் திறவுகோலாகிவிட்ட நாட்டில், பாதுகாப்பு அப்டேட் இல்லாத போன் தாழ்ப்பாள் இல்லாத வீடு.

தூசிக்கும் தண்ணீருக்கும் ஐபி எண் பார்க்க வேண்டும். முதல் எண் 6 என்றால் தூசி உள்ளே புகாது. இரண்டாவது எண் தண்ணீருக்கு. ஐபோன் 7 தூசி புகாத தகுதியை 2016இல் பெற்றது. சாம்சங்கின் நடுத்தர விலை ஏ52க்கு 2021இல் அது வந்துவிட்டது. மேல்தட்டுப் போனின் வசதி நடுத்தட்டுக்கும் இறங்கியது. சிமென்ட் ஆலைத் தொழிலாளிக்குச் செயற்கை நுண்ணறிவுப் புகைப்படத்தைவிட இது பயன்படும். ஆனால் ஐபி68 என்று அச்சடித்த போனுக்கும் தண்ணீரால் வரும் பழுது வாரன்டியில் சேராது என்பதை வாங்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேட்க வேண்டும். பல பிராண்டுகளுக்கு பெரம்பலூர்க்காரரும் அரியலூர்க்காரரும் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஒருநாள் கூலி போகும், போனைக் கொடுத்துவிட்டு வந்தால் மறுபடியும் ஒருநாள் போகும். விலைப்பட்டியலில் இந்தச் செலவு வராது. 'ஜீரோ பர்சன்ட் இஎம்ஐ' என்ற பலகையையும் நம்பிவிடக் கூடாது. வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது, வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளை எச்சரித்தது.

மொழியில் வந்த புதுமை

ஒப்பீட்டு அட்டவணைகளில் இடம்பெறாத இன்னொரு புதுமை தமிழ். மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி சிங்கப்பூரில் 'செல்லினம்' செயலியை வெளியிட்டார். எண் விசைகள் மட்டும் இருந்த காலத்துக் கைப்பேசியிலேயே தமிழில் குறுஞ்செய்தி எழுத அது வழி செய்தது. கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழ்க் குரல் உள்ளீட்டைக் கொண்டுவந்தது. விரல் தடித்த, எழுத்துக்கூட்டத் தயங்கும் வெங்காய விவசாயி, இன்று "பெரம்பலூர் சின்ன வெங்காயம் விலை" என்று போனைப் பார்த்துச் சொன்னால் போதும். தமிழக அரசு 2018இல் தொடங்கிய உழவன் செயலியில் சந்தை விலையும் வானிலையும் தமிழில் வருகின்றன. இந்தப் புதுமை மலிவு விலைப் போனுக்கும் எண்பதாயிரம் ரூபாய் போனுக்கும் இடையிலிருந்த தூரத்தை உண்மையிலேயே குறைத்தது. ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய் போனிலும் இது ஓடுகிறது.

பங்கு வாங்கும் புதியவர்களுக்கு

போன் வாங்குகிறவர்களே இன்று முதலீட்டாளர்களும் ஆகிவிட்டார்கள். 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் நான்கு கோடி டீமேட் கணக்குகள்தான். 2024 ஆகஸ்டில் 17 கோடியைத் தாண்டின. கணக்குத் தொடங்குவதும் பங்கு வாங்குவதும் அதே போனில்தான். வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் உள்ள இளைஞர், தனக்குப் பிடித்த போனைச் செய்யும் கம்பெனியின் பங்கும் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்க இடமுண்டு. அங்கேதான் நிதானம் வேண்டும்.

ஷாவ்மியை எடுத்துக்கொள்வோம். 2017 இறுதியில் இந்தியாவில் சாம்சங்கை முந்திய நிறுவனம் அது. 2018 ஏப்ரலில் அதன் நிறுவனர் லெய் ஜுன், போன் உள்ளிட்ட வன்பொருளில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம் என்று அறிவித்தார். வாங்குகிறவர்களுக்கு அது தேன். மூன்று மாதம் கழித்து ஹாங்காங் சந்தையில் பங்கு ஒன்று 17 ஹாங்காங் டாலருக்கு வெளியானது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதன் விலை பாதியாக இருந்தது. பல ஆண்டுகள் கழித்து நிறுவனம் மின்சாரக் கார் வரை விரிந்த பிறகே பங்கு வேறு உயரத்துக்குப் போனது. மலிவு விலை என்ற அதே வாக்குறுதி, வாங்குகிறவருக்கு வரமாகவும் பங்குதாரருக்கு வரம்பாகவும் ஒரே நேரத்தில் இருந்தது.

இந்தியாவில் போன் பூட்டும் நிறுவனங்களின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. 2017இல் பங்கு ஒன்று ரூ.1,766 விலையில் சந்தைக்கு வந்த டிக்ஸன் டெக்னாலஜீஸ், பிறகு பங்கைப் பிரித்த பின்னும் பல மடங்கு உயர்ந்தது. ஆனால் அது நூறு ரூபாய்க்கு விற்றால் செயல்பாட்டு லாபம் நான்கு ரூபாயை ஒட்டித்தான் இருக்கிறது. அளவு பெருகினால்தான் லாபம் பெருகும். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகினாலோ அரசின் ஊக்கத்தொகை முடிந்தாலோ கணக்கு மாறிவிடும். ஃபாக்ஸ்கான் குழுமத்தின் பாரத் எஃப்ஐஎச், ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் நிறுவனம், 2021 டிசம்பரில் ரூ.5,004 கோடி பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தது. செபியின் அனுமதியும் கிடைத்தது. வெளியீடு நடக்கவில்லை. ஷாவ்மியை அது பெரிதும் சார்ந்திருந்ததும் ஷாவ்மியின் இந்தியச் சந்தைப் பங்கு குறைந்துவந்ததும் ஒரே காலத்தில் நடந்தன.

எனவே சிறு முதலீட்டாளர், கேமரா எப்படி என்பதைவிட வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். லாபம் யார் கையில் தங்குகிறது? வடிவமைத்தவரிடமா, சிப் செய்தவரிடமா, பூட்டியவரிடமா? வாடிக்கையாளர் எத்தனை பேர்? ஊக்கத்தொகை இல்லாமல் தாக்குப்பிடிக்குமா? இவற்றுக்குப் பதில் ஆண்டறிக்கையில் இருக்கிறது, போனைக் கையில் பிடித்துப் பார்ப்பதில் இல்லை. வாட்ஸ்அப் டிப்ஸை நம்பி ஆப்ஷன் வணிகத்தில் இறங்குவது இன்னும் மோசம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள், மொத்த நட்டம் ரூ.1.8 லட்சம் கோடியைத் தாண்டியது என்று செபியின் ஆய்வே சொல்கிறது.

பணம் கொடுத்த அரசு கேட்க வேண்டியது

மத்திய அரசு 2020 ஏப்ரலில் பெரிய மின்னணு உற்பத்திக்கு ரூ.40,951 கோடி ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதம் வரை நிறுவனங்களுக்கு அரசுப் பணம். அது பலன் தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024–25இல் இந்தியாவின் ஸ்மார்ட்போன் ஏற்றுமதி ரூ.2 லட்சம் கோடியை எட்டியது. அதே ஆண்டில் தமிழகத்தின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர், நாட்டிலேயே முதலிடம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க ரூ.706.50 கோடியில் விடுதி திறக்கப்பட்டது. ஐபோனின் உயர்ரக மாடல்களும் இன்று தமிழ்நாட்டுக் கைகளில் பூட்டப்படுகின்றன.

தயாரிப்பவருக்குக் கொடுத்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. ஏனென்றால் போன் வைத்திருப்பது இன்று பலருக்கு விருப்பமாக இல்லை. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் ஸ்மார்ட்போனை உயர்த்தி, இடக்குறிப்போடு காலையில் ஒரு படமும் பிற்பகலில் ஒரு படமும் எடுத்து ஏற்ற வேண்டும். ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் பெண்கள் முகத்தில் வெயில் அடிக்க, திரையில் எதுவும் தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு அந்தப் பொறுப்பாளர் அம்மா பொத்தானைத் தேடுகிறார். போன் சூடேறி அணைந்தால், சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால், இருபது முப்பது பேரின் கூலி கேள்விக்குறியாகிறது. மண்வெட்டியைப் போல அந்த போனும் வேலைக் கருவியாகிவிட்டது. கூலியைச் செயலியோடு கட்டிய அரசுக்கு, அந்தச் செயலி ஓடும் போன் உழைக்குமா என்று கேட்கும் பொறுப்பும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் கேட்டுவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் ஸ்மார்ட்போனுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டு அப்டேட் தர வேண்டும். ஏழு ஆண்டு உதிரிபாகம் கிடைக்க வேண்டும். 800 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் பேட்டரி 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும். பிரான்ஸ் 2021இலேயே பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்ற மதிப்பெண்ணைப் பெட்டியருகே காட்டச் சொன்னது. இந்த விதிகளால் எந்த நிறுவனமும் ஐரோப்பாவை விட்டு ஓடவில்லை. தமிழ்நாட்டில் பூட்டி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் போனுக்கு அங்கே அந்த உத்தரவாதம் சட்டப்படி உண்டு. அதே வரிசையில் பூட்டி அரியலூரில் விற்கும் போனுக்கு நிறுவனத்தின் நல்லெண்ணம் மட்டுமே.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. 2024 செப்டம்பரில் கைப்பேசிகளுக்கும் மின்னணுப் பொருட்களுக்கும் பழுதுபார்ப்புக் குறியீடு வகுக்க இன்னொரு குழு வந்தது. அது 2025 மே மாதம் அறிக்கையைக் கொடுத்தது. கழற்றுவது எவ்வளவு எளிது, உதிரிபாகம் கிடைக்குமா, அப்டேட் எத்தனை நாள் வரும் என்பன போன்ற ஆறு அளவைகளில் நிறுவனங்களே மதிப்பெண்ணை அறிவிக்கலாம் என்பது அதன் பரிந்துரை.

திசை சரி, வேகமும் அழுத்தமும் போதாது. தங்கள் தாளைத் தாங்களே திருத்தும் உரிமையை நிறுவனங்களுக்குக் கொடுத்தால், குறைந்த மதிப்பெண்ணை யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். வேறு சோதனைக்கூடம் சரிபார்க்க வேண்டும். ஊக்கத்தொகை வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஐரோப்பாவுக்குத் தரும் அதே அப்டேட், உதிரிபாக உறுதியை இந்திய வாடிக்கையாளருக்கும் தர வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும். மாவட்டத் தலைநகர்கள் ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சம் ஒரு சர்வீஸ் மையமாவது வேண்டும், அல்லது உள்ளூர்க் கடைக்காரருக்கு ஒரிஜினல் உதிரிபாகத்தையும் கையேட்டையும் நியாய விலையில் விற்க வேண்டும். இரண்டாவது வழியே நல்லது. ஏற்கெனவே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதில் பிழைப்பும் உண்டு.

முதலீட்டாளர்களும் இதை எதிர்க்க வேண்டியதில்லை. 2019இல் பேட்டரி மாற்றத்தால் கலங்கிய அதே நிறுவனம், சேவை வருமானத்தால் பின்னர் எட்டிய உயரம் எல்லோருக்கும் தெரியும். ஏழு ஆண்டு உழைக்கும் போனை விற்றும் லாபம் பார்க்க முடியும் என்று சந்தையே காட்டிவிட்டது.

இதற்கிடையில் வாங்குகிறவர் கையில் இருப்பவை சில. வாரன்டிக் காலத்தில் பழுதைச் சரிசெய்ய மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணமே இல்லை. பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

அந்தப் பெட்டியில் இன்று அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், ஆண்டு, தயாரித்தவர் முகவரி எல்லாம் அச்சிடப்பட்டிருக்கின்றன. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் அப்படிக் கட்டாயப்படுத்துகின்றன. அதே விதிகளில் மூன்று வரிகளைச் சேர்த்து, தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியில் தமிழிலேயே அச்சிடச் சொல்ல வேண்டும்: பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டுவரை, உதிரிபாகம் எந்த ஆண்டுவரை, எத்தனை டிகிரி வெப்பம்வரை. தமிழக அரசும் இங்கே உற்பத்தி செய்யும் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடும்போது இதைக் கேட்கலாம். அடுத்த தீபாவளி விற்பனைக்குள் இதைச் செய்துவிட முடியும். புதிய சட்டம்கூட தேவையில்லை, ஓர் அறிவிக்கை போதும்.